எத்தனை போத்தல் தண்ணீர், டொக்டர்?

புறக்கோட்டைக் கடைகள் மூடிய பிறகுதான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் கிளினிக்கில் கூட்டம் சேரும். சலக்கடுப்பு என்று வரும் பெண்பிள்ளைகள் இல்லாத கிழமை கிடையாது.

அண்மையில் வந்தவர் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். சோதனைக்குக் கொடுத்த சிறுநீர் பிளேன்டி (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தது.

"காலையில இருந்து என்ன குடிச்சீங்க, தங்கச்சி?"

"ஒரு பிளேன்டி, டொக்டர். மத்தியானம் சோற்றோட ரெண்டு மிடறு தண்ணி."

"தாகம் எடுக்கலையா?"

"எடுக்கும். குடிச்சா போகணுமே. டொய்லட் மூணாம் மாடியில. போய் வந்தா மனேஜர் மணிக்கூட்டைப் பார்ப்பார்."

நாளுக்கு எட்டு கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற கணக்கை இவருக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?

அந்தக் கணக்கே அரைகுறையாகப் பரவியது என்றுதான் சொல்கிறார்கள். 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்துச் சபை ஒரு நாளைக்குச் சுமார் 2.5 லீட்டர் தண்ணீர் தேவை என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியில் எழுதியிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாம் சாப்பிடும் சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். சொதியும் பிளேன்டியும்கூடக் கணக்கில் சேரும். தேநீர் குடித்தால் உடல் வற்றிவிடும் என்பது வீண் பயம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்ன அளவு, உணவையும் சேர்த்து, பெண்களுக்கு 2 லீட்டர், ஆண்களுக்கு 2.5 லீட்டர். ஆனால் அது மிதமான வெப்பநிலைக்குச் சொன்னது. கொழும்பின் புழுக்கத்தில் ஏசி அறையில் இருப்பவருக்கு அது போதும். வெயிலில் மூட்டை இழுக்கும் நாட்டாமைக்கு அது காணவே காணாது. அவருக்கு வியர்வையோடு உப்பும் போகிறது. மத்தியானம் உப்புப் போட்ட கஞ்சி கிடைத்தால் வெறும் தண்ணீரைவிட நல்லது.

ஆகவே, போத்தலை எண்ணுவதைவிட சிறுநீரைப் பாருங்கள் என்பேன். வெளிர் மஞ்சள் என்றால் சரி. காலையில் முதலில் போவது கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும், அதை விடுங்கள். விற்றமின் பி மாத்திரை போடுபவர்களுக்கு நிறம் ஏமாற்றும். பகல் முழுக்கத் தண்ணீர் போலவே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள்.

மேலே போனால் என்ன, நல்லதுதானே என்று கேட்பீர்கள். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கைபேசியில் வந்த அறிவுரையை நம்பி, எழும்பியதும் வெறும் வயிற்றில் ஒன்றரை லீட்டர், பதினொரு மணிக்குள் இன்னொரு ஒன்றரை லீட்டர் என்று குடித்து வந்தார். இரத்த அழுத்தத்துக்குச் சலம் போக வைக்கும் மாத்திரையும் போட்டார். "அப்பா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்" என்று மகள் கூட்டி வந்தார். தண்ணீர் மிஞ்சியதில், இரத்தத்தில் 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் (உப்புச்சத்து) 121க்கு இறங்கியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்ல சிறுநீரகமே மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டர் அளவில்தான் வெளியேற்றும். வயதும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் அதுவும் குறையும். இதய, சிறுநீரக நோயாளிகள் தங்கள் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செவ்விளநீரும் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

டெங்கு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் நேரத்தில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2500 மில்லிலீட்டர் அளவு நீராகாரம் தேவை. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்குக் கிலோவுக்கு 50 மில்லிலீட்டர். வெறும் தண்ணீராக வேண்டாம்: ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்), கஞ்சி, சூப், இளநீர் என்று கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தியில் இரத்தமா என்று எங்களுக்குப் பிரித்தறிய முடியாமல் போகும்.

துணிக்கடைப் பிள்ளைக்கு வருவோம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி சலத்தொற்று வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பெண்கள் நாளுக்கு 1.5 லீட்டர் கூட்டிக் குடித்தபோது ஒரு வருடத்தில் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவருக்கு அன்டிபயோட்டிக் எழுதினேன். அப்புறம் இன்னொரு தாளில், "இவர் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது கழிப்பறைக்குப் போக வேண்டும்" என்று எழுதிச் சீல் குத்திக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அதே கடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கும் வருத்தம் எதுவும் இல்லை. அதே துண்டுச் சீட்டு தங்களுக்கும் வேண்டுமாம்.