ஸ்க்ரோல் சா ஏன் அதிர்கிறது?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் வாசகர் ஒருவர், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள் கையால் தடவிப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக, பிளைவுட்டில் தமிழ் எழுத்துகளை அறுத்துக் கொடுத்துவருகிறார். அவரிடம் இருப்பது, மெல்லிய பிளேடால் மரத்தில் வளைவுகளை அறுக்கும் மின் வாளான ஸ்க்ரோல் சாவில், விலை குறைந்த 16 அங்குல வகை. வேகத்தைக் கூட்டினால் மேசையே நடுங்குகிறது, ‘ண’கரத்தின் சுழிகளை அறுக்கும்போது கோடு பிசகுகிறது, பிளேடு அடிக்கடி அறுந்துபோகிறது என்று எழுதியிருக்கிறார். பல மடங்கு விலை கொடுத்து உயர்ந்த இயந்திரத்துக்கு மாறினால் இவை தீருமா, அல்லது அந்த விலை நிறுவனத்தின் பெயருக்கானதுதானா என்பது அவருடைய கேள்வி. தீரும் என்பதே என் பதில். ஆனால் அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது, ஏனெனில் அது மோட்டாரின் பலத்துக்குப் போவதில்லை. பலரும் விரும்பி வாங்கும் டிவால்ட் டி.டபிள்யூ. 788 என்ற 20 அங்குல இயந்திரம், 120 வோல்ட்டில் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 1.3 ஆம்பியர்தான். அதாவது, 160 வாட்டுக்கும் குறைவு. நம் சமையலறை மிக்ஸிகள் 500, 750 வாட் கொண்டவை.

ஸ்க்ரோல் சாவின் அடிப்படை எளிது. முன்னோக்கி நீண்ட இரு கைகளின் நுனிகளுக்கிடையே 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு செங்குத்தாகப் பூட்டப்பட்டிருக்கும். பின்னாலுள்ள மோட்டார் அக்கைகளை ஆட்ட, பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையை நாம் திருப்பித் திருப்பிக் கொடுத்து வளைவுகளை அறுக்கிறோம். 16 அங்குலம், 20 அங்குலம் என்று சொல்வது பிளேடுக்கும் பின்பக்கச் சட்டத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை. பலகை சுழல்வதற்கு அந்த இடைவெளி வேண்டும், ஆகவே கைகள் நீண்டிருந்தே ஆக வேண்டும். சிக்கல் முழுவதும் இந்த நீளத்திலிருந்துதான் பிறக்கிறது.

அதற்கு முன் பிளேடைப் பற்றிச் சிறிது பார்த்துவிடுவோம். பரவலாகப் பயன்படும் 5ஆம் எண் பிளேடின் அகலம் ஏறத்தாழ 1 மி.மீ., தடிமன் 0.4 மி.மீ. ஒல்லியான தண்டு ஒன்று எவ்வளவு அழுத்தத்தில் வளைந்து மடியும் என்பதற்கு 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் தந்த வாய்பாட்டில் இந்த அளவுகளை இட்டால், முனைகள் தாராளமாகத் திரும்பக்கூடிய நிலையில், வெறும் 65 கிராம் எடையை மேலே வைத்தாலே பிளேடு மடிந்துவிடும் என்று தெரிகிறது. அந்த நாடா மரத்தை அறுக்கிறது என்றால், அதற்கு இழுவிசை மட்டுமே காரணம். 10 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுத்துக் கட்டப்பட்ட பிளேடின் நடுவில் பக்கவாட்டில் 200 கிராம் அழுத்தினால், அது 0.6 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக விலகும். இழுவிசையை 20 கிலோவாக்கினால் விலகல் பாதியாகிவிடும். அனுபவமுள்ளவர்கள் பிளேடைத் தம்புரா நரம்பைப்போல் மீட்டிப் பார்த்து இழுவிசையை அறிந்துகொள்வது வெறும் பழக்கமல்ல, முறையான அளவீடு. 10 கிலோவில் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ், 20 கிலோவில் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ். விலை குறைந்த இயந்திரங்களில் கைகளே இழுவிசைக்கு வளைந்துகொடுக்கின்றன, இழுவிசையைக் கூட்டும் திருகாணியும் அதிர்வில் தளர்ந்துவிடுகிறது. நம் வாசகரின் கோடு பிசகுவதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மீதிப் பாதிக்குக் காரணம் அதிர்வு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான், ஆகவே அங்கே சற்று நிதானமாக நடப்போம்.

ஒரு முறை மேலிருந்து கீழே வரும்போது பிளேடு கடக்கும் தூரம் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. வேகத்தை நிமிடத்துக்கு 1,750 வீச்சு என்று வைத்தால், நொடிக்கு 29 முறைக்கு மேல் அது ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று, திசை மாறி, அடியில் நின்று, மறுபடி திசை மாற வேண்டும். அப்படித் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கத்தைக் கணக்கிட்டால் நொடி வர்க்கத்துக்கு 320 மீட்டர் அளவில் வருகிறது. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 32 மடங்குக்கும் அதிகம். பிளேடு மட்டும் இதற்கு உட்பட்டால் கவலையில்லை, அதன் எடை அரை கிராம்கூட இல்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும் கைகளும் கூடவே ஆடுகின்றன. பின்முனையில் அச்சு கொண்ட கை ஒன்றின் எடை 750 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் நடுவில் இருப்பதால், நுனியின் முடுக்கத்தில் பாதி அதற்குக் கிடைக்கும். மேல்கை, கீழ்க்கை இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசைவதால் அவற்றின் விசைகள் ஒன்றையொன்று தணிப்பதில்லை, கூடிக்கொள்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 240 நியூட்டன், அதாவது 24 கிலோ எடைக்குச் சமமான விசை, நொடிக்கு 29 முறை மேலே தூக்கிக் கீழே தள்ளுகிறது. இயந்திரத்தின் மொத்த எடை 12 கிலோ என்றால், அது தரையில் நிற்காமல் துள்ளத்தான் செய்யும். முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், நிமிடத்துக்கு 400 வீச்சில் சாதுவாக இருக்கும் இயந்திரம், 1,750 வீச்சில் 19 மடங்கு விசையோடு உதறுகிறது.

எதிர் எடை ஒன்றைப் பொருத்திவிட்டால் போதாதா என்று தோன்றும். மோட்டாரின் சுழற்சியைக் கைகளின் மேல் கீழ் அசைவாக மாற்றும் கிராங்க் வட்டில் எதிர்ப்பக்கமாக ஓர் எடையை வைத்தால், கைகள் மேலே திரும்பும் கணத்தில் எடை கீழே இருந்து அந்த விசையை ஈடுசெய்யும். அதுவரை சரி. ஆனால் வட்டு கால் சுற்று சுற்றியதும் கைகள் பாதி வழியில் இருக்கும், அப்போது அவற்றின் முடுக்கம் சுழியம். எதிர் எடையோ சுழன்றுகொண்டே இருப்பதால், இப்போது பக்கவாட்டில் அதே பலத்தோடு இழுக்கிறது. மேல் கீழ் அதிர்வை முழுவதும் நீக்க நினைத்தால், அது முன் பின் அதிர்வாக உருமாறிவிடுகிறது. நீராவி இரயில் என்ஜின்களின் சக்கரங்களில் எதிர் எடை வைத்த பொறியாளர்கள் இதே இக்கட்டைச் சந்தித்தார்கள். அங்கே அந்த எடைகள் தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடிப்பதைப்போல் அடித்தன. ஆகவே ஒரு பகுதியை மட்டும் ஈடுசெய்து, மீதியை இரு திசைகளுக்கும் பங்கிட்டுச் சமாதானம் செய்துகொள்வதே வழக்கம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கிராங்கையும் கையையும் இணைக்கும் தண்டு, சுழற்சியின்போது சாய்ந்து நிமிர்வதால், மேல் கீழ் இயக்கம் சீரான அலையாக இருப்பதில்லை. அந்தத் தண்டின் நீளம் கிராங்கின் ஆரத்தைப்போல் நான்கு மடங்கு என்றால், ஒரு முனையில் விசை 25 விழுக்காடு கூடுதலாகவும் மறுமுனையில் 25 விழுக்காடு குறைவாகவும் இருக்கும். இந்த வேறுபாடு, இயந்திரத்தின் வேகத்தைப்போல் இரு மடங்கு அதிர்வெண் கொண்ட தனி அதிர்வாக, 58 ஹெர்ட்ஸ் அளவில் எஞ்சிநிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை சுழலும் எந்த எதிர் எடையாலும் அதைத் தொட முடியாது.

இவ்வளவையும் கணக்கிட்டுப் பார்த்தால், சிறந்த வழி அதிர்வை ஈடுசெய்வதல்ல, அதிர வேண்டிய எடையையே குறைப்பது என்பது விளங்கும். டி.டபிள்யூ. 788, எக்ஸ்காலிபர் போன்ற இணை இணைப்பு வகை இயந்திரங்கள் இதைத்தான் செய்கின்றன. அவற்றில் வெளியே தெரியும் பெரிய கைகள் அசைவதேயில்லை. அவற்றுக்குள் செல்லும் தண்டுகள் முன்னும் பின்னும் சிறிது நகர, நுனியிலுள்ள சிறு நெம்புகோல்கள் அந்த அசைவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிளேடுக்குக் கொடுக்கின்றன. மேலும் கீழும் குதிப்பது அச்சிறு நெம்புகோல்களும் பிளேடு பிடிப்பான்களும் மட்டுமே. மேல் தண்டு முன்னே செல்லும்போது கீழ்த்தண்டு பின்னே வருமாறு அமைத்தால், அவ்விரண்டின் விசைகளும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். நீளமும் வேண்டும், ஆனால் நீளமானது ஆடவும் கூடாது என்ற முரண்பட்ட தேவைகளை இத்தனை அழகாக இணைத்துவைத்த இந்த அமைப்பை எப்போது நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அறுக்கும் தரத்தில் ஜெர்மனியின் ஹெக்னர் போன்ற, இரு கைகளும் ஒன்றுக்கொன்று இணையாக ஆடும் இணைகை இயந்திரங்களும் எந்த விதத்திலும் தாழ்ந்தவையல்ல. கைகள் ஆடினாலும், துல்லியமான தயாரிப்பினால் அவை அதிர்வை அடக்கிவைக்கின்றன.

பிளேடு அறுந்துபோவதைப் பற்றியும் வாசகர் கேட்டிருந்தார், புதிய இயந்திரத்துக்குத் திருஷ்டி பட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருந்தார். ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதை நான் மதிக்கிறேன், உழைக்கும் கருவிக்குக் காட்டும் நன்றி அது. ஆனால் பிளேடு அறுவதற்குக் காரணம் உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் பலமிழப்பது. இணைகை இயந்திரத்தில் கைகள் 450 மி.மீ. நீளம் என்றால், ஒவ்வொரு வீச்சிலும் அவை இருபுறமும் 1.2 பாகை சாய்கின்றன. பிளேடு பிடிப்பான் தன் அச்சில் தாராளமாகத் திரும்பினால் பிளேடுக்குக் கேடில்லை. தூசியும் பிசினும் சேர்ந்து பிடிப்பான் இறுகிவிட்டால், அந்தச் சாய்வு முழுவதையும் பிளேடே வளைந்து ஏற்க வேண்டும். நிமிடத்துக்கு 1,500 வீச்சில் அது ஒரு மணி நேரத்துக்கு 90,000 முறை வளைகிறது. பிடிப்பானுக்கு அருகிலேயே அறுகிறதா என்று பாருங்கள், அப்படியானால் தூரிகையும் ஒரு துளி எண்ணெயும் போதும். எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டு அந்தச் சுத்தத்தைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரைப் பற்றி ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இயந்திரக் கருவிகளுக்கென 1962இல் தொடங்கப்பட்ட மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சற்றுத் தொலைவில் மைசூரில், ஈட்டி மரத்தில் நுண்ணிய பதிப்பு வேலை செய்யும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பெரிய இயந்திரங்களுக்கு ஒதுக்கப்படும் ஆராய்ச்சிப் பணத்தில் சிறு பங்கையேனும், இத்தகைய கைவினைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் அதிராத ஸ்க்ரோல் சா ஒன்றை வடிவமைக்கச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தேவையான இயற்பியல் கல்லூரிப் பாடத்திலேயே இருக்கிறது. தேவைப்படுவது நல்ல தாங்கிகளும், பிசகாத துளைகளும், பொறுமையான சோதனையும்தான்.

வாசகர் முதலில் தம்மிடமுள்ள இயந்திரத்தைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கட்டும். பிறகு வேகத்தை மெல்லக் கூட்டட்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுக்கம் பெருகி, அதைத் தாண்டியதும் அடங்கினால், அது மேசையின் ஒத்ததிர்வு. கால்களுக்குக் குறுக்குச் சட்டம் அடித்தாலே அது குறையும். வேகத்தோடு நடுக்கமும் ஏறிக்கொண்டே போனால் குறை இயந்திரத்தின் அமைப்பில் இருக்கிறது, மாற்றுவதே சரி.

வாங்கும்போது மூன்றைப் பார்த்தால் போதும். முழு வேகத்தில் ஓடவிட்டு, மேசைத்தட்டில் ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள், நல்ல இயந்திரத்தில் அது நிற்கும். அடுத்து, முனையில் ‘பின்’ எனப்படும் குறுக்கு ஊசி உள்ள பிளேடுகளை மட்டுமே ஏற்கும் இயந்திரம் வேண்டாம். அந்த ஊசி நுழைய ஏறத்தாழ 5 மி.மீ. துளை வேண்டும், ‘ண’வின் சிறிய சுழிக்குள் அதற்கு இடமில்லை. ஊசி இல்லாத மெல்லிய பிளேடுக்கு 1 முதல் 2 மி.மீ. துளையே போதும்.

கடைசியாக, அமெரிக்காவிலுள்ள உறவினர் வாங்கிவருவதாக இருந்தால் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. வேகத்தை மாற்ற முடியாத இண்டக்‌ஷன் மோட்டார் கொண்ட இயந்திரம், அங்கே நிமிடத்துக்கு 1,725 சுற்று ஓடினால் இங்கே ஏறத்தாழ 1,440 சுற்றுதான் ஓடும், கூடுதலாகச் சூடும் ஆகலாம். மாற்று மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை என்றால் அதிர்வெண் ஒரு தடையல்ல, தகுந்த திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் போதும்.