மரபுரிமை

'ஹெரிடேஜ்' என்பதைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெரும்பாலும் 'பாரம்பரியம்' என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழர்கள் 'மரபுரிமை' என்கிறார்கள். என் வாக்கு இரண்டாவதற்கே.

லத்தீனில் 'ஹேரெஸ்' என்றால் வாரிசு. அதிலிருந்து பிறந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, வழிவழியாக வரும் சொத்தைக் குறித்தது. இதற்கு நேரான பழந்தமிழ் வழக்கு 'தாயம்'. கரிகாலன் அரசுரிமை பெற்றதைப் பட்டினப்பாலை 'உருகெழு தாயம் ஊழின் எய்தி' என்கிறது. ஆனால் தாயம் என்றதும் இன்று பலருக்குப் பகடைதான் நினைவுக்கு வரும்; அதை மீட்டெடுப்பது வீண் வேலை.

பாரம்பரியம், 'பரம்பரை'யோடு உறவுடைய வடசொல். ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்பது அதன் அடிப்பொருள். பாரம்பரிய உடை, பாரம்பரிய மருத்துவம் என்று விளம்பரங்களில் புழங்கிப் புழங்கி, 'பழைய முறையிலானது' என்ற அளவுக்கு அது இளைத்துவிட்டது. 'மரபு' அப்படியல்ல. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று தொடங்கி, எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் வழங்கும் என்று வகுக்கிறது. வழிவந்த வழக்கைப் பிசகாமல் காப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. அதோடு 'உரிமை' சேரும்போது, இது யாருடையது என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு நீதிமன்றமே விடை சொல்ல நேர்ந்தது. 2012இல் மாலி நாட்டின் திம்புக்டு நகரைப் பிடித்த ஆயுதக் குழுவினர், அங்கிருந்த இறைநேசர்களின் மண் சமாதிகளைக் கடப்பாரையால் இடித்தார்கள். அந்த இடிப்பை முன்னின்று நடத்தியவருக்கு 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களைத் தாக்கியதை மட்டுமே போர்க்குற்றமாகக் கொண்டு அந்த நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அது. மறு ஆண்டு, 27 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பு என்றது. யாருக்கு? அங்கே அடங்கியிருந்த முன்னோர்களின் வழித்தோன்றல்களுக்குத் தனியாக. திம்புக்டு மக்களுக்குப் பொதுவாக. மாலி நாட்டுக்கு அடையாளமாக ஒரு யூரோ. உலகச் சமூகத்தின் சார்பில் யுனெஸ்கோவுக்கும் ஒரு யூரோ. 'உரிமை' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியவில்லை. சமாதிகளை உள்ளூர்க் கொத்தர்களே மீண்டும் எழுப்பினார்கள்.

மழைமேல் வழக்குப் போட முடியாது. பெரு நாட்டின் சான் சான், சிமு அரசின் தலைநகரமாக இருந்த மண் நகரம். மழையே அரிதான கடற்கரைப் பாலையில் எழுந்த அதன் சுவர்களை, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளின் பெருமழை கரைக்கிறது. யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற 1986ஆம் ஆண்டிலேயே, ஆபத்திலுள்ள தலங்களின் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. 2022இன் பெருமழையில் மொகஞ்சதாரோவின் சுவர்களும் சேதமடைந்தன. 1972ஆம் ஆண்டு உலக மரபுரிமை உடன்படிக்கை, சின்னத்தைக் காத்து அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும் கடமையை முதலில் அந்தந்த நாட்டின் தோளில்தான் வைக்கிறது. உலக நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் வானிலையைக் குலைக்கும் புகை வேறெங்கோ கிளம்பும்போது, அந்தப் பங்கீடு நியாயமாகப் படவில்லை.

சொல்லாக்கத்துக்கு வருவோம். இடத்தைக் குறிக்க 'மரபுரிமைத் தலம்', தனிப் பொருளுக்கு 'மரபுரிமைச் சின்னம்' எனலாம். பாட்டு, கூத்து, கைத்தொழில் போன்றவை 'அருவ மரபுரிமை'. அவற்றுக்கென 2003இல் தனி உடன்படிக்கையே வந்தது. 'கன்சர்வேஷன்' என்பதற்குப் 'பேணல்' போதும். சிதைந்ததை மறுபடி கட்டுவது 'மீட்டமைப்பு'. மாலியின் ஜென்னே நகரில் பெரிய மசூதிக்கு ஊர் மக்கள் ஆண்டுதோறும் கூடிப் புது மண் பூசுகிறார்களே, அதைப் பேணல் என்றே சொல்ல வேண்டும். 'புதுப்பித்தல்' என்பதை மட்டும் இந்தத் துறையில் தவிர்ப்பது நல்லது. பழையதைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பாக்குவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம்.