செல்லுக்கு வெளியே புளிப்பு ஏறினால்

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு வளர்ப்புத் திரவத்தின் நிறம் நன்றாகத் தெரியும். அமிலத்துக்கு ஏற்ப நிறம் மாறும் பீனால் ரெட் என்ற சாயம் கலந்த திரவம் சிவப்பாக இருந்தால் சரி. மஞ்சளாகிவிட்டால் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, திரவத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் நிறம் கண்ணுக்கு மாறித் தெரிவதற்கு முன்பே செல்களின் பிடிமானமும் உருவமும் மாறத் தொடங்கிவிடும்.

அமிலத்தை அளப்பது பிஎச்; அது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது. பிஎச் 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் 0.3 தானே என்று தோன்றும். அது மடக்கை அளவு. ஹைட்ரஜன் அயனிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டன என்று அர்த்தம்.

நகரும் செல் முன்பக்கம் புதிதாகப் பிடிக்க வேண்டும், பின்பக்கம் பழைய பிடியை விட வேண்டும். இன்டெக்ரின் என்ற புரதங்கள்தான், செல்லுக்கு வெளியே இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பற்றும் கைகள். வெளியே அமிலம் கூடினால் அந்தப் பிடி இறுகுகிறது, காரம் கூடினால் தளர்கிறது. 2005-இல் மனித மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) செல்களைக் கொலாஜன்மேல் வைத்துப் பார்த்த ஆய்வில், பிஎச் 7.0-ஐ ஒட்டித்தான் அவை அதிகமாக நகர்ந்தன. 6.6-இல் பிடிமானம் உச்சத்தில் இருந்தது, ஆனால் செல்கள் அநேகமாக நகரவே இல்லை. 7.5-இல் பிடிமானம் போதாமல் நின்றுவிட்டன. உருவமும் கூடவே மாறியது. அதனால் ‘அமிலம் கூடினால் புற்றுசெல் வேகமாகப் பரவும்’ என்று ஒரே வரியில் சொல்வதை நான் ஏற்பதில்லை. எவ்வளவு அமிலம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த அமிலத்தின் ஒரு பகுதியைச் செல்லே உண்டாக்குகிறது. சோடியத்தை உள்ளே எடுத்து ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் என்எச்இ1 என்ற புரதம், நகரும் செல்லின் முன்விளிம்பில் குவிகிறது. அதை மருந்தால் தடுத்தாலும் மெலனோமா செல்லின் பிடிமானம் குறைகிறது. எனவே ஒரு மருந்து செல் நகர்வைக் குறைத்ததாகத் தெரிந்தால், திரவத்தின் பிஎச்சையும் அளந்து பாருங்கள். அப்புறம், கார்பன் டை ஆக்சைடு இல்லாத நுண்ணோக்கி மேடையில் மணிக்கணக்கில் படமெடுத்தால், பிஎச்சை நிலையாக வைக்க பைகார்பனேட்டையும் அந்த வாயுவையும் நம்பியிருக்கும் திரவம் தானாகவே காரமாகிவிடும். அங்கே ஹெப்பீஸ் போன்ற தாங்கல், அதாவது பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் பொருள், தேவை.

இதையெல்லாம் கேட்டவர்கள் அடுத்து விசாரிப்பது, காரத் தண்ணீர் குடித்தால் புற்றுக்கட்டியின் அமிலம் குறையுமா என்று. ரத்தத்தின் பிஎச்சை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன. குடிக்கும் தண்ணீரின் காரம் வயிற்று அமிலத்திலேயே அடங்கிப்போகும். புற்றுக்கட்டிக்குள் அமிலம் தேங்குவது அங்கே குளுக்கோஸ் அளவுமீறி எரிவதாலும், கழிவை அள்ளிச் செல்ல ரத்த ஓட்டம் போதாததாலும். எலிகளுக்குக் குடிநீரில் சோடியம் பைகார்பனேட் கொடுத்தபோது மார்பகப் புற்று பரவுவது குறைந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். அதைப் படித்துவிட்டு வீட்டில் சோடா உப்பைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு ஆபத்து.