மைக் இல்லாத டெனரும் மூடி திறந்த பியானோவும்

லண்டனில் விக்மோர் ஹால் என்று ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது, சுமார் 550 பேர் உட்காரலாம். 1901-இல் பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ கம்பெனி தன் ஷோரூமுக்குப் பக்கத்திலேயே கட்டியது. முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டுச் சொத்து என்று பறித்து விற்றுவிட்டார்கள், 1917-இல் இப்போதைய பெயரில் மறுபடி திறந்தது. ஜெர்மன்காரர் கட்டிய அந்த இடம்தான் பிற்பாடு ஆங்கில ஆர்ட் சாங்குக்கு வீடு மாதிரி ஆகிப்போனது. ஆர்ட் சாங் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஏற்கெனவே இருக்கிற ஒரு கவிதையை எடுத்து ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்கும் என்று இசையமைத்த பாட்டு. மேடையில் ஒன்பதடி நீளக் கச்சேரி பியானோ, அதன் வளைவில் ஒரு டெனர், அதாவது உயர்ந்த ஆண் குரலில் பாடுபவர், மைக் கிடையாது. ஆனால் ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டியின் கவிதை கடைசி வரிசைக்கு ராகமாக மட்டுமில்லாமல் சொல்லாகவும் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், இன்னொரு பக்கம் சுமார் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு சதை மடிப்புகள். எப்படி முடிகிறது?

சத்தத்தால் இல்லை. சத்தத்தில் போட்டி போட்டால் பியானோதான் ஜெயிக்கும். விஷயம் அந்தச் சத்தம் எந்த அதிர்வெண்ணில் குவிகிறது என்பதில் இருக்கிறது. இந்தப் பாட்டுகளில் டெனர் பாடும் சுரங்கள் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸிலிருந்து 440 ஹெர்ட்ஸ் வரை, எப்போதாவது அதற்கு மேல். ஆனால் எந்தச் சுரமும் தனியாக வருவதில்லை, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. பியானோவின் பலமெல்லாம் பெரும்பாலும் கீழே இருக்கிறது, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் வேகமாகச் சரிந்துவிடும். நம் காதோ நேரெதிர், 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைதான் அது மிகக் கூர்மை, ஏனென்றால் காதுத் துவாரமே 3000 பக்கத்தில் ஒத்ததிர்கிற, அதாவது அந்த அதிர்வெண்ணைப் பெருக்கிக் காட்டுகிற, ஒரு குழாய். ஆக, அந்த இடத்தில் ஆற்றலைக் கொண்டுபோய் வைக்கத் தெரிந்த குரலுக்குக் கொஞ்சம் சத்தம் போதும்.

அதைத்தான் பயிற்சி பெற்ற ஆண் குரல் செய்கிறது. ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெர்க் என்ற குரல் ஆய்வாளர் 1970-களில் இதை விளக்கினார். குரல்நாண்களுக்கு நேர் மேலே ஒரு குறுகலான சிறு குழாய் இருக்கிறது, அதற்கு மேல் தொண்டை விரிகிறது. குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கி, அந்தச் சிறு குழாயின் வாயைவிடத் தொண்டையின் பரப்பு ஆறு மடங்காகும்படி வைத்துக்கொண்டால், சிறு குழாய் தனக்கென்று ஒரு ஒத்ததிர்வைப் பிடித்துக்கொள்ளும். தொண்டை-வாய்க் குழாயின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஒத்ததிர்வுகள் 3000 பக்கத்தில் ஒன்றாக நெருங்கி வந்து ஒரு மேடு கட்டும். குரலில் கணீரென்று ஒரு உலோகப் பளபளப்பு கேட்குமே, அது இந்த மேடுதான். கூடுதல் மூச்சுச் செலவு எதுவும் கிடையாது.

ஆனால் இது ஓபராவுக்கான தீர்வு. குரல்வளையை இறக்கினால் எல்லா உயிரொலிகளும் கொஞ்சம் இருண்டு போகும். ஆர்கெஸ்ட்ராவைத் தாண்ட வேண்டியிருக்கும்போது அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு சின்ன அரங்கத்தில் கவிதை சொல்கிறவர் ஒவ்வொரு வரியையும் அப்படி முழங்கினால் மூன்றாவது பாட்டில் எனக்கு அலுத்துவிடுகிறது. தவிர, இந்தப் பாட்டுகளில் பாதி மெதுவாகப் பாட வேண்டியவை, அங்கேதான் இயற்பியல் காலை வாருகிறது. குரலைத் தணிக்கும்போது குரல்நாண்கள் ஒவ்வொரு சுற்றிலும் பட்டென்று மூடாமல் மெத்தென்று மூடுகின்றன. பட்டென்று மூடுவதால்தான் உயர்ந்த மேற்சுரங்கள் பிறக்கின்றன. அதனால் சத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவு குறையாது, கீழே கொஞ்சம் குறைந்தால் 3000 பக்கத்தில் அதைவிட அதிகமாகக் குறையும். நமக்கு மிகவும் வேண்டியதுதான் முதலில் காணாமல் போகிறது. மூச்சை ஒழுக விடாமல், அழுத்தத்தைக் குறைத்தும் மூடுதலைக் கெட்டியாக வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடுவது, உச்ச சுரத்தில் உரக்கப் பாடுவதைவிடக் கஷ்டம். கைதட்டல் மட்டும் உச்ச சுரத்துக்குத்தான் கிடைக்கும்.

சரி, சொல் விஷயத்துக்கு வருவோம். ஓர் உயிரொலியை நாம் அடையாளம் காண்பது முதல் இரண்டு ஒத்ததிர்வுகளை வைத்துத்தான். ஆண் குரலில் 'ஆ'வுக்கு முதலாவது 700 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், 'ஈ'க்கு 300-க்கும் கீழே. இப்போது 'ஸ்லீப்' என்ற சொல்லை 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் பாடச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பாடும் சுரமே அந்த ஒத்ததிர்வுக்கு மேலே போய்விட்டது, அதற்குக் கீழே குரலில் எதுவுமே இல்லை, அப்படியிருக்க அந்த ஒத்ததிர்வைத் தூண்டிவிட எதுவும் மிச்சமில்லை. பிடிவாதமாகச் சுத்தமான 'ஈ' பாடினால் நெரிந்த, மெலிந்த சத்தம் வரும். அதனால் டெனர் வாயைக் கொஞ்சம் திறந்து 'ஈ'யை 'இ'க்கும் 'எ'க்கும் நடுவில் எங்கோ நகர்த்துகிறார், நம் மூளை சுற்றியுள்ள சொற்களை வைத்து அதை 'ஈ' என்றே எடுத்துக்கொள்கிறது. உயர்ந்த பெண் குரலான சோப்ரானோக்களுக்கு இந்தத் தொல்லை பல மடங்கு. டெனர் இந்த எல்லையின் ஓரத்திலேயே நடப்பவர், சொல்லும் பிழைக்கும் சுரமும் உயரும், இந்த வகைப் பாட்டில் டெனருக்குத் தனி இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் துணைவரான டெனர் பீட்டர் பியர்ஸின் குரலுக்கென்றே எழுதிக்கொண்டிருந்தவர். பியர்ஸின் குரலில் மிக நன்றாக ஒலித்தது பியானோவின் நடுவில் உள்ள சி சுரத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வெள்ளைக் கட்டை, 330 ஹெர்ட்ஸ், என்று சொல்வார்கள். பெரும்பாலான டெனர்கள் குரலை மாற்றிப் பிடிக்கத் தொடங்கும் இடம் அது.

ஆங்கிலத்துக்கு என்று இன்னொரு வம்பு, ஓர் உயிரொலியாகத் தொடங்கி வேறொன்றாக முடியும் சொற்கள் அதில் ஏராளம். 'நைட்' என்பதை நான்கு நொடி நீட்ட வேண்டுமென்றால் எங்கே நீட்டுவது? 'ஆ'வில் நின்றுவிட்டு, கடைசி நொடியில் ஒரு சின்ன 'இ' வைத்து, உடனே 'ட்'டில் மூட வேண்டும். சீக்கிரமே 'இ'க்குப் போய்விட்டால் மட்டமான பாப் பாட்டு மாதிரி ஆகிவிடும். உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்' இங்கிலாந்தின் தென்பகுதி உச்சரிப்பில் மறைந்துவிடுவது பாடகருக்கு அதிர்ஷ்டம், நீட்டுவதற்கு இன்னொரு உயிரொலி கிடைத்தது.

மெய்யெழுத்துகள்தான் இதில் சுவாரஸ்யம். 'ஸ்', 'ஃப்', 'ஷ்' போன்றவற்றின் ஆற்றல் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கிறது. பியானோவின் பலம் அங்கே மிகக் குறைவு, ஆகவே மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். பிரச்சினை நேரத்தில்தான். பியானோ சுரம் சுத்தியல் பட்ட கணத்தில் பிறந்துவிடுகிறது. 'ஸ்ட்ரேஞ்ச்' என்ற சொல்லிலோ உயிரொலிக்கு முன்னால் மூன்று மெய்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தாளம் எங்கே விழுகிறது என்று காது தீர்மானிப்பது பெரும்பாலும் உயிரொலி தொடங்கும் இடத்தை வைத்து. அதனால் அந்த மூன்றையும் தாளத்துக்கு முன்னாலேயே முடித்து, சுத்தியலோடு சேர்த்து உயிரொலியைத் திறக்க வேண்டும். தாளத்தில்தான் 'ஸ்' தொடங்கினார் என்றால் பாடகர் எப்போதும் பின்தங்குவதாகத் தோன்றும், எல்லாரும் பியானோக்காரரைத்தான் முறைப்பார்கள்.

இனி பியானோ பக்கம். அதன் அடிப்படைக் குறை ஒன்றே ஒன்று, அடித்த சுரம் சாகத் தொடங்கிவிடும். குரல் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கலாம், பியானோவால் முடியாது. அதனால்தான் ரோஜர் குவில்டர் போன்ற ஆங்கில இசையமைப்பாளர்களின் பாட்டுகளில் பியானோ சும்மா நிற்பதில்லை, குரல் நீண்டு நிற்கும்போதெல்லாம் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் பியானோ சுரம் சாகும் விதத்தில் ஒரு வினோதம் உண்டு. நடுவிலும் மேலேயும் உள்ள ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகள். அடித்தவுடன் மூன்றும் ஒரே திசையில் ஆடி மரப்பலகைக்குள் ஆற்றலை வேகமாகக் கொட்டுகின்றன, சத்தம் சட்டென்று இறங்குகிறது. கம்பிகளுக்குள் உள்ள நுண்ணிய சுருதி வேறுபாட்டால் சீக்கிரமே அவை எதிரெதிராக ஆடத் தொடங்கும். அப்போது பலகையை இழுக்கும் விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும், வெளியே போக வழியில்லாமல் மிச்ச ஆற்றல் மெல்ல மெல்லக் கசிகிறது. கேப்ரியேல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977-இல் இதை விளக்கினார். இடது பெடலை மிதித்தால் விசைப்பலகையே கொஞ்சம் நகர்ந்து, சுத்தியல் இரண்டு கம்பிகளை மட்டும் அடிக்கும். அடிபடாத மூன்றாவது கம்பி பலகை வழியாக எதிர்த்திசையில் ஆடத் தொடங்கும். அதனால் தொடக்க அடி மட்டும் மழுங்கி, பின்னால் வரும் நீளமான கசிவு அதிகமாகக் கேட்கும். மெதுவாகப் பாடும் டெனருக்குக் கீழே விரிக்க இதைவிட நல்ல துணி கிடைக்காது.

இந்தப் பாட்டுகளை உயர்ந்த குரலுக்கு ஒன்று, தாழ்ந்த குரலுக்கு ஒன்று என்று வேறு வேறு சுருதியில் அச்சிடுவார்கள். குரலுக்கு வசதி, ஆனால் பியானோவுக்கு வேறு பாட்டு. கீழே இறக்கும்போது பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் காதுக்குப் பிரித்துத் தெரியாமல் கலங்கலாகிவிடும். டெனருக்கான பதிப்பையும் அதைவிடத் தாழ்ந்த ஆண் குரலான பாரிடோனுக்கான பதிப்பையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், முதலில் கவனிப்பது பியானோவாகத்தான் இருக்கும்.

கடைசியாக மூடி. ஜெரால்ட் மூர், 20-ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற பக்கவாத்தியப் பியானோக்காரர், தன் நினைவுக்குறிப்புக்கு வைத்த தலைப்பே 'நான் ரொம்பச் சத்தமா?' என்ற பொருள்படும் கேள்வி. வேடிக்கைக்குக் கேட்டதில்லை. குரலின் உயர் அதிர்வெண்கள் வாய்க்கு நேர் முன்னால் பாய்கின்றன, பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மழுங்கிய குரல்தான் கேட்கும். பாடுபவருக்கோ எலும்பு வழியாகக் கனமாகத் தன் குரல் கேட்கும். இருவருக்குமே சபையில் என்ன கேட்கிறது என்று தெரியாது. மூடியை இறக்கி வைத்தால் தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. மூடி தடுப்பது பெரும்பாலும் உயர் அதிர்வெண்களைத்தான், நீண்ட அலைகளான கீழ்ச்சுரங்கள் அதைச் சுற்றி வந்துவிடும். தெளிவு போய், குரலை மறைக்கும் கீழ்ச்சத்தம் அப்படியே இருக்கும். நல்ல பியானோக்காரர் கையில் மூடி முழுக்கத் திறந்திருப்பதே நல்லது என்பேன். காதுள்ள நண்பர் ஒருவரை ஒத்திகையில் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கேட்பதுதான் வழி, அதுவும் முழு வழி கிடையாது. மாலையில் ஆட்கள் நிறைந்ததும் அவர்களின் உடலும் உடையும் உயர் அதிர்வெண்களை இன்னும் கொஞ்சம் உறிஞ்சிவிடும், ஒத்திகையில் கேட்ட 'ஸ்'ஸும் 'ட்'டும் அப்படியே வராது, முதல் பாட்டிலேயே டெனர் அவற்றை ஒரு பிடி கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.