சால்டரிங் அயர்னுக்கு எந்த முனை?

சர்க்யூட் போர்டில் கிரவுண்டுடன் (சுற்றின் பொது மின்இணைப்பு) இணைந்த ஒரு பாகத்தின் காலில் உள்ள சால்டர், அதாவது பற்றவைக்கும் உலோகக் கலவை, நெடுநேரம் சூடாக்கியும் உருக மறுக்கும்போது, பழுது பார்ப்பவர்கள் பலர் முதலில் வெப்பநிலையைத்தான் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. அந்தக் காலைச் சுற்றியுள்ள அகன்ற செம்புப் பரப்பு வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்க, ஊசி போன்ற முனையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை.

முனையிலிருந்து இணைப்புக்குச் செல்லும் வெப்பத்தின் அளவை வெப்பநிலை வேறுபாட்டோடு, இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பும் தீர்மானிக்கிறது. கூம்பு முனை ஏறக்குறைய ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. மேலும், அதன் ஒடுங்கிய நீண்ட நுனி, பின்னாலிருந்து வரும் வெப்பத்துக்குக் குறுகிய பாதையாகிவிடுகிறது. உளி வடிவ முனையோ தன் தட்டைப் பக்கத்தால் காலையும், அது பற்றவைக்கப்படும் போர்டின் செம்புத் திட்டான பேடையும் ஒருங்கே தொடுகிறது. ஆகவே, பக்கத்துப் பாகங்களில் இடிக்காமல், பேடின் அகலத்தைத் தாண்டாமல் பொருந்தக்கூடிய மிக அகலமான முனையையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நுண்ணிய வேலைக்குக் கூரிய முனைதான் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், நெருக்கமான கால்களையுடைய ஐசி சில்லுகளுக்குக்கூடச் சாய்வாக வெட்டிய முனையே நன்கு உதவுகிறது. அதன் முகத்தில் சிறிதளவு சால்டரை ஏந்தி, கால்களில் ஃபிளக்ஸ் (ஆக்சைடை நீக்கி சால்டரைப் பரவச்செய்யும் பொருள்) தடவி வரிசை நெடுக இழுத்துச் சென்றால், பரப்பு இழுவிசை சால்டரைக் காலிலும் பேடிலும் நிறுத்திவிடும். கத்தி முனை பல கால்களை ஒரே நேரத்தில் சூடாக்கவும், இடையில் ஒட்டிய சால்டரை நீக்கவும் ஏற்றது.

63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகுகிறது; காரீயம் இல்லாத, வெள்ளீயத்தோடு சிறிதளவு வெள்ளியும் செம்பும் சேர்ந்த வகைக்கு ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். முனையை 400 டிகிரிக்கு மேல் ஏற்றினால், வேலை முடியும் முன்பே ஃபிளக்ஸ் கருகுகிறது, பேட் போர்டிலிருந்து பெயர்கிறது, முனையும் ஆக்சைடு படிந்து கறுத்துப்போகிறது. கறுத்த முனையில் சால்டர் பரவாது; பரவாத இடத்தில் வெப்பம் கடக்க உதவும் உருகிய உலோகப் பாலமும் அமையாது.

அப்படிக் கறுத்ததை அரத்தால் தேய்ப்பது முனையைக் கொல்வதற்கு ஒப்பாகும். முனையின் உட்பகுதி செம்பு. அது இரும்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைத்துவிடும் என்பதால்தான் அதன்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இடப்படுகிறது. பூச்சு ஓரிடத்தில் திறந்தாலும், உள்ளிருக்கும் செம்பு அரிக்கப்பட்டுக் குழி விழுந்துவிடும். காரீயம் இல்லாத சால்டரில் வெள்ளீயத்தின் பங்கு மிகுதி என்பதால், அது இரும்புப் பூச்சையும் விரைவாகத் தின்கிறது. பித்தளைச் சுருளில் துடைப்பதும், அணைப்பதற்கு முன் புதிய சால்டரால் முனையை மூடிவைப்பதும் பூச்சின் ஆயுளை நீட்டிக்கும்.