எடை போடாத கல்

எட்டாம் வகுப்பு மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்ட வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு மூட்டை அரிசியில் 2/5 பங்கை விற்றாயிற்று. மீதியில் 1/3 பங்கும் போயிற்று. 20 கிலோ மிஞ்சுகிறது. முதலில் இருந்தது எவ்வளவு? மகளுக்கு 75 வருகிறது. புத்தகத்தின் விடைப் பக்கமோ 50 என்கிறது.

மகள் கழித்தது மூட்டையில் 1/3. கணக்குச் சொல்வது மீதியில் 1/3. பின்னத்தைக் கண்டதும் ‘எதில்?’ என்று கேட்டுவிட்டால் இந்த வகைக் கணக்கில் பாதி முடிந்தது. அதற்குப் பிறகு எக்ஸ் என்று வைத்து, 3/5-ஐயும் 2/3-ஐயும் பெருக்கி, 2/5 எக்ஸ் = 20, ஆகவே எக்ஸ் 50. இது எந்த டியூஷனிலும் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது எக்ஸே இல்லாத வழி. மூட்டையின் எடை 15 கிலோ என்று சும்மா வைத்துக்கொள்வோம். 5-ஆலும் 3-ஆலும் வகுபடும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. 6 போனால் 9, அதில் 3 போனால் 6. வேண்டியதோ 20. 6-ஐ 20 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ, 15-ஐயும் அத்தனை மடங்காக்கினால் 50. தப்பென்று தெரிந்தே ஓர் எண்ணில் தொடங்கி, சரியான இடத்துக்கு வந்துவிட்டோம். காரணம் இதுதான்: பங்கு போடுவது வெறும் பெருக்கல். மூட்டை இரட்டித்தால் விற்றதும் இரட்டிக்கும், மிஞ்சியதும் இரட்டிக்கும். மிச்சத்துக்கும் முதலுக்கும் உள்ள விகிதம் எந்த மூட்டையிலும் மாறாது.

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் என்ற கணக்குச் சுவடியில் இந்த வழி இருக்கிறது. ஓர் அளவும் அதன் 1/7-உம் சேர்ந்தால் 19. 7 என்று வைத்தால் 8 வருகிறது என்று தொடங்கி 16 5/8-இல் முடிக்கிறார்கள். பாஸ்கரர் 1150-இல் லீலாவதி என்ற தன் கணித நூலில் இதற்கு இஷ்ட கர்மம் என்று பெயர் சொல்கிறார். தாமரைகளில் 1/3, 1/5, 1/6, 1/4 பங்குகளைத் தெய்வங்களுக்குப் படைத்தபின் குருவுக்கு ஆறு மிஞ்சும் அவருடைய கணக்கை 60 என்று வைத்துப் பாருங்கள்: மிச்சம் 3, ஆகவே 120 பூக்கள். வேதக் கணிதம் என்ற பெயரில் பெருக்கல் வித்தைகளைக் காசு கொடுத்துக் கற்கிறோம். ஆண்டும் ஆசிரியரும் தெரிந்த இந்த அருமையான வழியைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு எரிச்சல்.

இனி என் செல்லக் கணக்கு. யேல் பல்கலைக்கழகத்தின் பாபிலோனியச் சேகரிப்பில் 4652 என்ற எண்ணுள்ள களிமண் பலகையில், எடை தெரியாத கற்களைப் பற்றிய கணக்குகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று: ஒரு கல்லைக் கண்டெடுத்தேன், எடை போடவில்லை, 1/7 சேர்த்தேன், 1/11 சேர்த்தேன், நிறுத்துப் பார்த்தால் 1 மனா. கல்லின் எடை என்ன? ஒரு மனா 60 கின், ஒரு கின் 180 ஷெ. ஷெ என்றால் பார்லி மணி.

77 என்று வைப்போம். 1/7 சேர்த்தால் 88. அதில் 1/11, அதாவது 8 சேர்த்தால் 96. நமக்கு வேண்டியது 60 கின். 77-ஐ 60-ஆல் பெருக்கி 96-ஆல் வகுத்தால் 48 1/8 கின். பலகையில் செய்முறை இல்லை, விடை மட்டும் உண்டு: 2/3 மனா, 8 கின், 22 1/2 ஷெ. அதே 48 1/8தான்!

இங்கேயும் அதே ‘எதில்?’ ஒளிந்திருக்கிறது. 1/11 பங்கைப் பழைய கல்லில் எடுத்தால் 96-க்குப் பதில் 95 வரும். பாபிலோனியர் எண்ணியது அறுபதின் அடுக்குகளில். 2, 3, 5 மட்டுமே காரணிகளாக உள்ள எண்ணால் வகுத்தால்தான் அவர்களுக்குக் கணக்கு முடியும். 95-இல் 19 இருக்கிறது, வகுத்துக்கொண்டே போகலாம். 96-இலோ 2-உம் 3-உம்தான். 7, 11 இரண்டும் அவர்களுக்கு முரட்டு எண்கள், ஆனால் ஒன்று கூட்டினால் 8, 12 என்று சாதுவாகிவிடும். வாத்தியார் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருப்பார் என்பது என் ஊகம்.

இந்த வழி படுக்கும் இடமும் ஒன்று உண்டு. மிஞ்சிய அரிசியை 1 கிலோ சாக்கோடு நிறுத்து 21 என்கிறார்கள் என்று வையுங்கள். 15-க்கு 7 வருகிறது; மும்மடங்காக்கினால் 45, தப்பு. அரிசி பெருகும்போது சாக்கு பெருகுவதில்லை. அப்போது ஒன்றுக்கு இரண்டாக ஊகிக்க வேண்டும். சீனாவின் பழைய ‘ஒன்பது அத்தியாயங்கள்’ கணித நூலில் ஏழாவது அத்தியாயம் முழுக்க இந்த முறைக்குத்தான். 15 என்றால் 7, அதாவது 14 குறைவு. 30 என்றால் 13, அதாவது 8 குறைவு. 15 கிலோ ஏற்றியதில் குறை 6 தீர்ந்தது; பாக்கி 8 தீர இன்னும் 20 ஏற்ற வேண்டும். 30-உம் 20-உம் 50.