காணாமல் போனவரா, ஆக்கப்பட்டவரா?

அர்ஜென்டினாவின் பத்திரிகையாளர் ரொடோல்ஃபோ வால்ஷைப் பற்றி ராமநாதபுரத்தில் ஒரு கூட்டத்தில் பேசியவர், "1977இல் அவர் காணாமல் போனார்" என்று முடித்தார். இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது!

வால்ஷ் எங்கும் போகவில்லை. 1956இல் பியூனஸ் அயர்ஸ் அருகே ஒரு குப்பைமேட்டில் போலீஸ் சுட்டுத்தள்ளியவர்களில் ஒருவர் பிழைத்திருக்கிறார் என்று காதில் விழ, துப்புத் தேடி அலைந்து மறு ஆண்டே அதை நூலாக்கியவர் அவர். 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஓராண்டு முடிந்ததும் கொலைகளையும் சித்திரவதைகளையும் அடுக்கி ஆட்சியாளர்களுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாள், மார்ச் 25 அன்று, கடற்படையின் ஆயுதக்குழு அவரைத் தெருவில் சுட்டுத் தூக்கிக்கொண்டு போனது. உடல் கிடைக்கவே இல்லை.

இப்படிப்பட்டவர்களை ஸ்பானிய மொழியில் 'தெசபரெசிதோ' என்பார்கள். 'மறைந்தவர்' என்பது நேர்ப்பொருள். தமிழில் 'மறைந்தார்' என்றால் இறந்துவிட்டார் என்றாகிவிடும், அது உதவாது. 'காணாமல் போனவர்' என்றால் பழி அவர் மேலேயே விழுகிறது. தன்வினைக்குப் 'போ', பிறவினைக்கு 'ஆக்கு' என்று தமிழில் தெளிவாக இருக்கிறதே. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்றதும் 'ஆக்கியது யார்?' என்ற கேள்வி தானே எழும்.

எங்கள் கரையில் 'காணாமல் போனார்' என்பதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. பாம்பனிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ போன வல்லம் கரை திரும்பாவிட்டால் அப்படிச் சொல்வோம். 1964 புயலில் தனுஷ்கோடி இழந்தவர்களையும் அப்படித்தான் சொன்னோம். அங்கே எடுத்துக்கொண்டது கடலும் காற்றும். மண்டபத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் ஒரு அம்மாவிடம் "உங்கள் அண்ணன் எப்போது காணாமல் போனார்?" என்று கேட்டபோது, "அவர் காணாமப் போகேல்ல தம்பி. பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றார். இலக்கணம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இலங்கையில் இப்படிப்பட்டவர்களைத் தேடுவதற்காக 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலேயே 'காணாமல் போன ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. தேடி அலையும் தாய்மார்கள் பிடித்திருக்கும் பதாகைகளில் 'ஆக்கப்பட்டோர்' என்று இருக்கிறது. இதில் தாய்மார்களின் தமிழே சரி.

நம் பத்திரிகைகளுக்கு இன்னொரு செல்லச்சொல் 'மாயம்'. நகை மாயம், மாணவி மாயம், மீனவர் மாயம். சீருடைக்காரர்கள் ஒருவரைக் கொண்டுபோனதற்கும் அதே தலைப்பு வருகிறது. நடந்த குற்றத்தை மந்திர வித்தையாக்கும் சொல் இது. தலைப்பில் இடமில்லை என்பார்கள். 'கடத்தல்' என்று போட எவ்வளவு இடம் வேண்டும்?

அப்புறம், 'வலிந்து'. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பது மனித உரிமை அமைப்புகள் பரப்பிய தொடர். நோக்கம் நல்லது, எனக்குச் சண்டை அந்த முதல் சொல்லோடு மட்டும்தான். வலிந்து போய் உதவினான், வலிந்து சண்டைக்குப் போனான் என்றால் தானாக, கேட்காமலே செய்தான் என்றுதான் நம் காதுக்குப் படும். வன்முறையைச் சொல்ல வந்த சொல் முனைப்பைச் சொல்லிவிட்டு நிற்கிறது. 'ஆக்கப்பட்ட' என்பதிலேயே பலவந்தம் இருக்கும்போது இது எதற்கு? ஆட்களை இப்படிக் காணாமல் ஆக்குவதற்கு எதிராக 2006இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையைத் தமிழாக்கும்போது அடைமொழி கட்டாயம் வேண்டுமென்றால் 'பலவந்தமாக' என்று போடலாம். செய்தியில் அதுவும் தேவையில்லை. கொண்டுபோனவர் யாரென்று தெரிந்தால், 'கடற்படையினர் காணாமல் ஆக்கினார்கள்' என்று எழுவாயோடு எழுதுங்கள்.